ஆர்டர் பை: கேட்டால்தான் வரிசை

டேட்டாபேஸ் கற்கத் தொடங்கியவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நேற்றுவரை டேபிளின் வரிகள் ஒழுங்காக ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்துகொண்டிருந்தன. இன்றைக்கு ஏன் கலைந்து வருகின்றன?" கலைந்ததற்குக் காரணம் சொல்வது எளிது. நேற்றுவரை கலையாமல் வந்ததற்குத்தான் விளக்கம் தேவை.

சேலத்து மாம்பழ மண்டி ஒன்றின் வரத்துக் கணக்கை வைத்துப் பார்ப்போம். 'வரத்து' என்று ஒரு டேபிள். அதில் ஆறு வரிகள்:

எண் | ரகம் | ஊர் | கிலோ | விலை
1 | மல்கோவா | வாழப்பாடி | 120 | 95
2 | செந்தூரா | கருப்பூர் | 300 | 40
3 | இமாம்பசந்து | அயோத்தியாப்பட்டணம் | 80 | 130
4 | பெங்களூரா | ஓமலூர் | 500 | 28
5 | செந்தூரா | கன்னங்குறிச்சி | 250 | 45
6 | மல்கோவா | ஓமலூர் | 90 | (காலி)

விலையெல்லாம் உதாரணத்துக்குப் போட்டது, மண்டிக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். ஆறாம் வரியில் சரக்கு வந்துவிட்டது, விலை இன்னும் முடிவாகவில்லை, அதனால் காலி. இந்தக் காலிக் கட்டம் பின்னால் நம்மைக் கொஞ்சம் படுத்தும். இந்தக் கட்டுரையில் குறுக்கே இருப்பதை வரி என்றும், மேலிருந்து கீழே ஓடுவதைப் பத்தி என்றும் சொல்கிறேன். டேட்டாபேஸிடம் பேசும் மொழியான எஸ்க்யூஎல்லின் கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

செலக்ட் * ஃப்ரம் வரத்து

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் புதிதாக இந்த டேபிளை உருவாக்கி, ஆறு வரியையும் போட்டு, எல்லா வரிகளையும் காட்டச் சொல்லும் மேலே உள்ள கட்டளையை ஓட்டினால் 1, 2, 3, 4, 5, 6 என்று வரும். சரி, இப்போது கருப்பூர் செந்தூராவின் விலையை இரண்டு ரூபாய் ஏற்றுவோம்:

அப்டேட் வரத்து செட் விலை = 42 வேர் எண் = 2

'வேர்' என்பது எந்த வரி என்று சொல்லும் ஆங்கிலச் சொல். மறுபடியும் அதே செலக்ட். இந்த முறை 1, 3, 4, 5, 6, 2 என்று வரும். இரண்டாம் வரி கடைசிக்குப் போய்விட்டது. போஸ்ட்கிரெஸ் ஒரு வரியைத் திருத்தும்போது இருந்த இடத்திலேயே அழித்து எழுதுவதில்லை. புதுப் பிரதி ஒன்றை வேறு இடத்தில் எழுதிவிட்டு, பழையதைச் செல்லாது என்று குறித்துவைக்கும். படிக்கும்போது எழுதிய இடத்து வாக்கில் படித்துக்கொண்டே போகும். பழைய இடங்களைப் பிற்பாடு சுத்தம் செய்து, அங்கே வேறொரு புது வரியை எழுதவும் செய்யும். அப்போது மறுபடி வேறு மாதிரி வரும். யாரும் எதையும் கலைக்கவில்லை. வரிசை என்று ஒன்றை நாம் கேட்கவும் இல்லை, அது தருவதாகச் சொல்லவும் இல்லை.

மைஎஸ்க்யூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸில் பழகியவர்கள் "எங்களுக்கு அப்படியெல்லாம் ஆகாதே" என்பார்கள். ஓரளவு உண்மைதான். அங்கே இன்னோடிபி என்ற சேமிப்பு முறை, வரிகளை முதன்மைச் சாவியின் (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் பத்தி, இங்கே எண்) வரிசையிலேயே அடுக்கி வைக்கிறது. அதனால் பெரும்பாலும் எண் வாக்கில் வரும். ஆனால் ஒரு நாள் யாரோ ரகத்துக்கு ஓர் இன்டெக்ஸ், அதாவது ரகத்தின் வாக்கில் அடுக்கிய ஒரு தேடல் பட்டியல், போட்டுவிட்டுப் போவார்கள். அதன் பிறகு 'செலக்ட் எண், ரகம் ஃப்ரம் வரத்து' என்று கேட்டால், டேபிளைத் தொடாமல் அந்தச் சின்ன இன்டெக்ஸிலிருந்தே பதிலை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று மைஎஸ்க்யூஎல் முடிவு செய்யலாம். பதில் சரியாக இருக்கும். வரிசை மட்டும் ரகத்தின் வாக்கில் இருக்கும். வேகம் கூட்டப் போட்ட இன்டெக்ஸ் எப்படி வரிசையை மாற்றும் என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு.

மைஎஸ்க்யூஎல்லில் இன்னொரு பழைய பழக்கமும் இருந்தது. ஒரே மதிப்புள்ள வரிகளைக் குழுவாக்கும் 'குரூப் பை' போட்டால், கேட்காமலேயே அந்தப் பத்தியின் வாக்கில் வரிசைப்படுத்திக் கொடுத்துவிடும். 8.0 பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். அந்தச் சலுகையை நம்பி எழுதிய ரிப்போர்ட்டுகள் எல்லாம் பதிப்பு மாறியதும் முன்பின்னாக வரத் தொடங்கின. சலுகை என்பது உரிமை ஆகாது, அவ்வளவுதான்.

இதெல்லாம் ஏதோ கோளாறு போலத் தோன்றலாம். உண்மையில் ரிலேஷனல் டேட்டாபேஸின், அதாவது தகவலை டேபிள்களாக வைக்கும் டேட்டாபேஸின், அஸ்திவாரமே இதுதான். ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரையில்தான் இந்த அமைப்பு முறை முதலில் வருகிறது. டேபிளை அவர் கணிதத்தில் வரும் கணமாகப் பார்த்தார். கணத்தில் முதல், கடைசி என்று எதுவும் கிடையாது. அன்றைக்கு இருந்த அமைப்புகளில் புரோகிராம்கள் சேமித்த வரிசையையே நம்பி ஓடின. அந்த வரிசையை மாற்றினால் புரோகிராமே விழுந்துவிடும். இந்தச் சார்பை அந்தக் கட்டுரையிலேயே ஒரு குறையாகப் பெயர் சொல்லிச் சுட்டுகிறார். எங்கே எப்படி வைப்பது என்பது டேட்டாபேஸின் பாடு, எந்த வரிசையில் வேண்டும் என்பது கேட்பவரின் பாடு என்று பிரித்துவிட்டால் இரண்டு பக்கமும் நிம்மதி. கேட்பவர் தன் பங்கைச் செய்ய இருக்கும் கருவிதான் 'ஆர்டர் பை'.

செலக்ட் * ஃப்ரம் வரத்து ஆர்டர் பை விலை

சிறியதிலிருந்து பெரியதுக்குப் போகும்: 28, 42, 45, 95, 130. இறங்குமுகம் வேண்டுமானால் பத்தியின் பெயருக்குப் பின்னால் 'டெஸ்க்' சேர்க்க வேண்டும். ஏறுமுகத்துக்கு 'ஆஸ்க்' என்று ஒரு சொல் உண்டு. போடாவிட்டாலும் அதுதான் அர்த்தம்.

ஒன்றுக்கு மேற்பட்ட பத்திகளையும் சொல்லலாம்:

ஆர்டர் பை ரகம், விலை டெஸ்க்

முதலில் ரகம். ஒரே ரகம் இரண்டு இருந்தால் மட்டும் விலையைப் பார்க்கும். இமாம்பசந்து முதலில், அடுத்து செந்தூரா 45, செந்தூரா 42 என்று போகும். இங்கே 'டெஸ்க்' என்பது விலைக்கு மட்டும்தான், ரகத்துக்கு அல்ல. ஒவ்வொரு பத்திக்கும் அதன் திசையைத் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு டெஸ்க் போட்டுவிட்டு மொத்தமும் தலைகீழாகும் என்று எதிர்பார்ப்பது அடிக்கடி பார்க்கும் தவறு.

கணக்குப் போட்டும் வரிசைப்படுத்தலாம். 'ஆர்டர் பை கிலோ * விலை டெஸ்க்' என்றால் மொத்தத் தொகை பெரிதாக உள்ள லாட் முதலில் வரும். பெங்களூராவின் விலை வெறும் 28 ரூபாய்தான், ஆனால் 500 கிலோ என்பதால் 14,000 ரூபாயோடு அது இமாம்பசந்தைத் தாண்டி மேலே போகும். 'ஆர்டர் பை 2' என்று பத்தியின் எண்ணைச் சொல்வதும் செல்லும், ஆனால் செலக்ட் பட்டியலில் யாராவது நடுவில் ஒரு பத்தியைச் செருகினால் அர்த்தமே மாறிவிடும். அவசரத்துக்குத் தட்டிப் பார்க்கலாம், புரோகிராமுக்குள் வேண்டாம்.

இப்போது அந்தக் காலிக் கட்டத்துக்கு வருவோம். மதிப்பே இல்லாத கட்டத்தை எஸ்க்யூஎல் 'நல்' என்று சொல்கிறது. அது பூஜ்யமும் அல்ல, வெற்று எழுத்தும் அல்ல. விலை தெரியாத ஒன்று 28-க்கு மேலா கீழா என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வரியை எங்காவது ஓரிடத்தில் வைத்தாக வேண்டுமே. எஸ்க்யூஎல் தரநிலை இதை ஒவ்வொரு டேட்டாபேஸின் விருப்பத்துக்கே விட்டுவிட்டது, அவையும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. போஸ்ட்கிரெஸ்ஸும் ஆரக்கிளும் நல்லை எல்லாவற்றையும்விடப் பெரியதாகக் கொள்கின்றன. மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூஎல் சர்வர், எஸ்க்யூலைட் மூன்றும் சிறியதாகக் கொள்கின்றன.

இதன் விளைவு என்ன தெரியுமா? "இன்றைக்கு அதிக விலை போன சரக்கு எது?" என்று கேட்டு, போஸ்ட்கிரெஸ்ஸில் 'ஆர்டர் பை விலை டெஸ்க் லிமிட் 1' (முதல் ஒரு வரி மட்டும் போதும்) என்று போட்டால், 130 ரூபாய் இமாம்பசந்து வராது. விலையே முடிவாகாத ஓமலூர் மல்கோவா வந்து நிற்கும். அதே கட்டளை மைஎஸ்க்யூஎல்லில் இமாம்பசந்தைத் தரும். டெவலப்பரின் மடிக்கணினியில் எஸ்க்யூலைட், சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்று வைத்துக்கொண்டு வேலை செய்பவர்கள் இந்த இடத்தில் கட்டாயம் ஒரு தடவையாவது இடித்துக்கொள்வார்கள்.

தீர்வு எளிது. 'ஆர்டர் பை விலை டெஸ்க் நல்ஸ் லாஸ்ட்' என்று எழுதினால் காலி வரிகள் கடைசிக்குப் போய்விடும், 'நல்ஸ் ஃபர்ஸ்ட்' என்றால் முதலில். போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், 2019-க்குப் பிந்தைய எஸ்க்யூலைட் ஆகியவற்றுக்கு இது புரியும். மைஎஸ்க்யூஎல்லுக்குப் புரியாது. அங்கே 'ஆர்டர் பை விலை இஸ் நல், விலை' என்று எழுத வேண்டும். விலை காலியா என்ற கேள்விக்கு இல்லை என்றால் 0, ஆம் என்றால் 1 என்று மைஎஸ்க்யூஎல் கணக்கு வைக்கும். 0 முன்னால் வருவதால் விலை உள்ளவை முதலில் வந்துவிடும்.

அடுத்து, எண்ணை எழுத்தாகச் சேமித்துவிட்டால் வரும் கூத்து. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அடிவாரம் வழியாக ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அந்த எண்களை ஒரு டேபிளில், எழுத்து வகைப் பத்தியில் போட்டு வரிசைப்படுத்திப் பாருங்கள்: 1, 10, 11, 12 என்று 19 வரை போய், அப்புறம் 2, அதற்கடுத்து 20, அதற்குப் பிறகுதான் 3 வரும். கடைசியில் 9. இந்த வரிசையை நம்பி வண்டி ஓட்டினால் முதல் வளைவு முடிந்ததும் பாதி மலையைத் தாண்டிக் குதிக்க வேண்டும், பிறகு இரண்டுக்குத் திரும்பி இறங்க வேண்டும். எழுத்தாகப் பார்க்கும்போது கணினி இடமிருந்து வலமாக ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுகிறது. '10' என்பதும் '2' என்பதும் முதல் எழுத்திலேயே முடிவாகிவிடுகின்றன. 1 சிறியது, ஆகவே 10 முன்னால்.

தேதியிலும் இதே கதைதான், ஆனால் கண்ணில் படத் தாமதமாகும். '28-04-2025', '12-05-2025', '05-06-2025' என்று எழுத்தாகப் போட்டுவைத்தால் ஜூன் முதலில் வரும், மே நடுவில், ஏப்ரல் கடைசியில். சீசனே தலைகீழ். ஒரே மாதத்துத் தேதிகளை மட்டும் வைத்துச் சோதித்துப் பார்த்தவருக்கு எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். எண்ணுக்கு எண் வகை, தேதிக்குத் தேதி வகை என்று முதலிலேயே டேபிளை அமைப்பதுதான் சரியான வைத்தியம். முடியாத இடத்தில் 'காஸ்ட்' கொண்டு வகையை மாற்றிவிட்டு வரிசைப்படுத்தலாம். தேதியை எழுத்தாகத்தான் வைக்க வேண்டும் என்றால் ஆண்டு-மாதம்-நாள் என்று எழுதிவையுங்கள், அப்போது எழுத்து வரிசையும் நாள் வரிசையும் ஒன்றாகவே இருக்கும்.

சில வரிசைகள் எழுத்திலும் இல்லை, எண்ணிலும் இல்லை, நம் வழக்கத்தில் இருக்கின்றன. மண்டியில் பழத்தைத் தரம் பிரித்து முதல், இரண்டாம், மூன்றாம் என்று எழுதுகிறார்கள் என்று கொள்வோம். எழுத்து வாக்கில் வரிசைப்படுத்தினால் 'இரண்டாம்' முதலில் வரும், 'முதல்' இரண்டாவதாக வரும்! இங்கே 'கேஸ்' உதவும்:

ஆர்டர் பை கேஸ் தரம் வென் 'முதல்' தென் 1 வென் 'இரண்டாம்' தென் 2 எல்ஸ் 3 எண்ட்

இரண்டு மூன்று இடங்களில் இதையே திரும்பத் திரும்ப எழுத வேண்டி வந்தால், தரங்களுக்குத் தனி டேபிள் போட்டு அதில் வரிசை எண் ஒன்றை வைத்துவிடுவது நல்லது.

தமிழ்ப் பெயர்களை வரிசைப்படுத்தும் விஷயம் நமக்கே உரிய தலைவலி, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பாடங்களில் இது வரவே வராது. வாடிக்கையாளர் பட்டியலில் அம்மாப்பேட்டை, அன்னதானப்பட்டி, அஸ்தம்பட்டி என்று மூன்று பகுதிகள் இருக்கின்றன. எஸ்க்யூலைட்டில் சாதாரணமாக ஆர்டர் பை போட்டால் அன்னதானப்பட்டி, அம்மாப்பேட்டை, அஸ்தம்பட்டி என்று வரும். அகராதி புரட்டியவர்களுக்கு உடனே உறுத்தும். ய ர ல வ ழ ள ற ன என்று ஒப்பித்து வளர்ந்தவர்கள் நாம். மகரம் முன்னால், றன்னகரம் கடைசியில். அம்மாப்பேட்டைதான் முதலில் வர வேண்டும்.

எஸ்க்யூலைட் நம் நெடுங்கணக்கைப் பார்ப்பதில்லை, யூனிகோடு அந்தந்த எழுத்துக்குக் கொடுத்த எண்ணை ஒப்பிடுகிறது. யூனிகோடில் தமிழ் எழுத்துகள் மற்ற இந்திய எழுத்துகளோடு பொருந்துகிற மாதிரி அடுக்கப்பட்டவை. ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ, அதன் பிறகுதான் வ. நம் ஊர்களில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை: கருப்பூருக்கு முன்னால் கன்னங்குறிச்சி வந்து உட்கார்ந்துவிடும். புள்ளியிலும் சிக்கல் இருக்கிறது. புள்ளிக்கு மற்ற எழுத்துகளையும் உயிர்மெய்க் குறிகளையும்விடப் பெரிய எண். அதனால் அகராதியில் 'அகம்' என்பதற்கு முன்னால் வரவேண்டிய 'அக்கா' பின்னால் தள்ளப்படுகிறாள்.

எந்த மொழியின் விதிப்படி ஒப்பிடுவது என்பதை டேட்டாபேஸ் உலகில் கொலேஷன் என்பார்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் ஐசியு என்ற நூலகத்தின் உதவியோடு, 10-ஆம் பதிப்பிலிருந்து இது கிடைக்கிறது:

ஆர்டர் பை பகுதி கொலேட் "டிஏ-எக்ஸ்-ஐசியு"

டிஏ என்பது தமிழின் சுருக்கக் குறியீடு. இப்படிக் கேட்டால் மெய் முன்னால், ன கடைசியில், ஜ, ஸ, ஹ போன்ற கிரந்த எழுத்துகள் அதற்கும் பின்னால் என்று அம்மாப்பேட்டை, அன்னதானப்பட்டி, அஸ்தம்பட்டி வாக்கில் வரும். தமிழ்ப் பெயர்ப் பட்டியலை மக்கள் பார்வைக்கு வைக்கும் எந்த மென்பொருளும் இதைச் செய்துவிட்டுத்தான் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. பெயர் இருந்தும் தேடின இடத்தில் இல்லையென்றால் பார்ப்பவருக்கு அது இல்லாத மாதிரிதான்.

ஒரு குவெரியில், அதாவது டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில், ஆர்டர் பை கிட்டத்தட்டக் கடைசியில் நடக்கும் வேலை. டேபிளை எடுப்பது, வேர் கொண்டு வடிகட்டுவது, குழுவாக்குவது, பத்திகளைத் தேர்வது எல்லாம் முடிந்த பிறகு வரிசை, அதற்கும் பிறகு லிமிட். அதனால்தான் செலக்ட்டில் 'கிலோ * விலை ஆஸ் தொகை' என்று வைத்த பெயரை ஆர்டர் பையில் பயன்படுத்த முடிகிறது. வேரில் பயன்படுத்த முடிவதில்லை. வேர் ஓடும்போது 'தொகை' இன்னும் பிறக்கவில்லை. உள்ளே ஒரு துணைக் குவெரியில் ஆர்டர் பை போட்டுவிட்டு வெளியே போடாமல் விட்டால், வெளியே வரும் வரிசைக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது என்பதையும் இத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வரிசைப்படுத்துவது சும்மா நடப்பதில்லை. வரிகள் நினைவகத்தில் அடங்கினால் அங்கேயே முடித்துவிடும். அடங்காவிட்டால் துண்டு துண்டாக வரிசைப்படுத்தி, வட்டில் எழுதி, பிறகு சேர்க்கும். போஸ்ட்கிரெஸ் ஒரு வரிசைப்படுத்தலுக்கு ஒதுக்கும் நினைவகம், நீங்கள் மாற்றாதவரை, 4 எம்பிதான். இன்டெக்ஸ் இருந்தால் இந்த வேலையே மிச்சம், ஏனென்றால் அதில் மதிப்புகள் ஏற்கெனவே வரிசையாக இருக்கின்றன. தலையிலிருந்தும் படிக்கலாம், வாலிலிருந்தும் படிக்கலாம், ஆகவே விலைக்கு ஓர் இன்டெக்ஸ் இருந்தால் ஏறுமுகம், இறங்குமுகம் இரண்டுக்கும் அதுவே போதும். 'ரகம், விலை டெஸ்க்' மாதிரி கலந்த திசைக்கு அதே திசைகளில் இன்டெக்ஸ் அமைக்க வேண்டும். ஆனால் இன்டெக்ஸ் இருக்கிறதே என்று ஆர்டர் பையை எழுதாமல் விடாதீர்கள். அதைப் பயன்படுத்துவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ் எடுக்கும் முடிவு.

கடைசியாக, சமன் வரும் இடம். 'ஆர்டர் பை ஊர்' என்று கேட்கிறோம். ஓமலூரிலிருந்து இரண்டு லாட், 4-ஆம் எண்ணும் 6-ஆம் எண்ணும். எது முதலில்? நாம் சொல்லவில்லை, ஆகவே எதுவும் வரலாம், அடுத்த முறை மாறியும் வரலாம். ஆறு வரியில் இது பெரிய விஷயமில்லை. பக்கத்துக்கு இருபது வரி என்று 'லிமிட் 20 ஆஃப்செட் 20' (முதல் இருபதைத் தாண்டி அடுத்த இருபது) போட்டுக் காட்டும்போதுதான் வினையாகும். முதல் பக்கத்தைக் கேட்டபோது ஒரு வாக்கில் நின்ற ஓமலூர் லாட்டுகள், இரண்டாம் பக்கத்தைக் கேட்கும்போது வேறு வாக்கில் நிற்கலாம். ஒரு லாட் இரண்டு பக்கத்திலும் வரும், இன்னொன்று எந்தப் பக்கத்திலும் வராது. "ஏம்ப்பா, என் சரக்கு லிஸ்ட்லயே இல்லையே" என்று விவசாயி வந்து நிற்பார். டேபிளில் தேடினால் வரி பத்திரமாக இருக்கும்.

'ஆர்டர் பை ஊர், எண்' என்று, ஒருபோதும் இரட்டிக்காத ஒரு பத்தியைக் கடைசியில் சேர்த்துவிட்டால் சமன் என்பதே இருக்காது. அடுத்த பக்கத்தைக் கேட்க ஆஃப்செட்டையும் விட்டுவிடலாம். முந்தின பக்கம் ஓமலூர் 4-உடன் முடிந்திருந்தால்:

வேர் (ஊர், எண்) > ('ஓமலூர்', 4) ஆர்டர் பை ஊர், எண் லிமிட் 20

ஆஃப்செட் முந்தைய வரிகளையெல்லாம் படித்துத் தூக்கிப் போட்டுவிட்டு வரும். இந்தக் கட்டளை ஊர், எண் இரண்டுக்கும் சேர்த்துப் போட்ட இன்டெக்ஸில் நேராக ஓமலூர் 6-க்குப் போய் நிற்கும். நடுவில் புது லாட் ஒன்று பதிவானாலும் பக்கங்கள் நகராது. நேராகப் பதினேழாம் பக்கத்துக்குத் தாவ மட்டும் முடியாது, 'அடுத்து' பொத்தானை அழுத்திக்கொண்டே போக வேண்டியதுதான்.